4 அங்குலம் உயர்த்திய வண்டி: நேராக ஓடாததற்குக் காரணம் கோணமா, ஆட்டமா?

மண்தடம்:
முன்பக்கம் ஒரே தண்டாக ஆக்ஸில், காயில் ஸ்பிரிங், ஆக்ஸிலை முன்பின்னாக நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம், பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராட் ஆகியவற்றைக் கொண்ட பழைய பிக்அப் ஒன்றை வைத்திருக்கிறேன். அதை 100 மி.மீ., அதாவது 4 அங்குலம் உயர்த்தி, 35 அங்குல டயர்களை மாட்டினேன். உயர்த்தும் கிட்டுடன் வந்த, ஆக்ஸிலின் கோணத்தைத் திருத்தும் ஆஃப்செட் புஷ்களையும், ஸ்டீரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரங்களின் பக்கம் கடத்தும் கரத்தின் தாழ்ந்த வகையான டிராப் பிட்மன் ஆர்மையும் பட்டறையிலேயே பொருத்திக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மூன்று தொல்லைகள்.

முதலாவது, நேர்ச்சாலையில் வண்டி ஒரு தடத்தில் நிற்காமல் அலைகிறது. திருப்பத்தை முடித்து வெளியே வரும்போது ஸ்டீரிங் தானாகத் திரும்பி வருவதில்லை. இரண்டாவது, வண்டி நேராக ஓடும்போதும் ஸ்டீரிங் வீல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. மூன்றாவதுதான் பயமுறுத்துகிறது: 70 கி.மீ. வேகத்தில் பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கினால், முன்சக்கரங்கள் இரண்டும் பேயாட்டம் ஆடுகின்றன. வேகத்தை ஏறக்குறைய முழுவதுமாகக் குறைத்தால்தான் அடங்குகின்றன. ஸ்டீரிங்கின் உதறலை அமுக்கும் டேம்பரை மாற்றிப் பார்த்தேன். இரண்டு வாரம் அடங்கியிருந்துவிட்டு மறுபடியும் தொடங்கிவிட்டது.

சக்கரக் கோணங்களை அளந்த அலைன்மென்ட் தாளில் டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) பச்சையிலும், காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) 1.3 டிகிரி என்று சிவப்பிலும் இருக்கின்றன. "இந்த ஆக்ஸிலில் காஸ்டரைத் திருப்ப வழியில்லை, விட்டுவிடுங்கள்" என்றார் இயந்திரத்தை இயக்கியவர். அடுத்து எதில் கை வைப்பது?

கோணமானி:
விடை உங்கள் தாளிலேயே சிவப்பில் இருக்கிறது. ரேடியஸ் ஆர்ம் ஆக்ஸிலோடு இறுகப் பிணைந்தது. ஆர்ம் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு ஆக்ஸிலும் உருளும். ஆர்மின் நீளம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 மி.மீ. உயர்த்தியதில் சுமார் 5.7 டிகிரி காஸ்டர் போய்விடும். வண்டிக்கு முதலில் 4.5 டிகிரி இருந்து, ஆஃப்செட் புஷ் 2.5 டிகிரியைத் திருப்பிக் கொடுத்திருந்தால், மிஞ்சுவது சரியாக 1.3.

இதன் விளைவைத் தரையில் பாருங்கள். சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையில் பதியும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரம்தான் சக்கரத்தை நேராக்கும் நெம்புகோல். பளுவோடு நிற்கும் உங்கள் டயரின் ஆரம் ஏறக்குறைய 430 மி.மீ. காஸ்டர் 4.5 டிகிரியாக இருந்தால் அந்தத் தூரம் 34 மி.மீ.; 1.3 டிகிரியில் வெறும் 10 மி.மீ. தள்ளுவண்டியின் முன்சக்கரம் ஏன் தானாகவே நேராகிறது என்று யோசித்தால் இது விளங்கிவிடும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் விசை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கியபிறகு அது அலையாமல், உதறாமல் என்ன செய்யும்? இன்னும் 3 டிகிரி தரும் புஷ்களைப் போடுங்கள். மூன்று தொல்லைகளும் தீரும்.

பட்டறைவாசி:
முதல் தொல்லைக்கு நண்பர் கோணமானி சொல்லும் காரணத்தை அப்படியே ஏற்கிறேன். மூன்றாவதற்கு அதையே காரணமாக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை. காஸ்டர் குறைந்த வண்டி அலையும், திரும்பி வராது; ஆனால் இறுக்கமான முன்பகுதி உடைய வண்டி 1 டிகிரியிலும் பேயாட்டம் ஆடாமல் ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காஸ்டரை அளவுக்கு மீறி ஏற்றினால் உதறல் கூடுவதும் உண்டு. மேட்டில் அடிபட்டதும் தொடங்கி, தானாக அடங்க மறுக்கும் உதறலுக்கு எங்கோ ஓர் இணைப்பில் தளர்வு, அதாவது ஆட்டம், இருக்க வேண்டும். அந்த ஆட்டத்தைக் கண்டுபிடிக்காமல் புஷ்ஷை மாற்றுவதும் டேம்பரை மாற்றுவதும் ஒன்றுதான். டேம்பர் நோயின் சத்தத்தை அமுக்கும், நோயைத் தீர்க்காது. உங்களுக்கு அது இரண்டு வாரம் அமுக்கியிருக்கிறது.

மண்தடம், வண்டியை ஜாக்கியில் ஏற்ற வேண்டாம். சக்கரங்கள் தரையில் பளுவோடு நிற்கட்டும். கியர் நியூட்ரலில், கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, எஞ்சின் ஓடட்டும். ஒருவர் உட்கார்ந்து ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகக் கால் சுற்று, சற்று வேகமாக, நிறுத்தாமல் ஆட்டட்டும். நீங்கள் பக்கவாட்டில் படுத்து ஒவ்வொரு இணைப்பின் மீதும் விரலை வையுங்கள். ஒரு விரலின் பாதி போல்ட் தலையிலும் மறுபாதி பிராக்கெட்டிலும் படிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் ஆட்டம்கூட விரலுக்குத் தெரிந்துவிடும். பான்ஹார்ட் ராடின் இரு முனைகளிலிருந்து தொடங்குங்கள். அதன் பிறகு பிட்மன் ஆர்மிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க், இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராட் ஆகியவற்றின் முனைகள், ஸ்டீரிங் பாக்ஸ் சேஸிஸில் அமர்ந்திருக்கும் போல்ட்கள். கடைசியாக ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் தங்கள் நிலையைச் சொல்லிவிடும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பான்ஹார்ட் ராடின் புஷ் போல்ட்களைப் பட்டறையில் எப்போது இறுக்கினார்கள்? வண்டி லிஃப்டில் தொங்கும்போதே இறுக்கியிருந்தால், கீழே இறக்கிய நொடியிலிருந்தே ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் இருக்கும்; சீக்கிரம் கிழியும். என்னுடைய வண்டிக்கு ஒரு பட்டறையில் அப்படிச் செய்து, புதுப் புஷ் மூன்றே மாதத்தில் நார்நாராக வந்தது.

கோணமானி:
விரல் வைத்துப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உயர்த்துவதற்கு முந்தைய நாள் வரை ஒழுங்காக ஓடிய வண்டி என்பதை மறந்துவிடக் கூடாது. இணைப்புகள் ஒரே இரவில் தேய்வதில்லை. மாறியது கோணம் மட்டுமே.

நெம்புகோல்:
மாறியது கோணம் மட்டுமல்ல, கோணமானி. பிட்மன் ஆர்மும் மாறியிருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் இருவருமே பேசவில்லை. பான்ஹார்ட் ராடும் டிராக் லிங்கும் ஒரே நீளத்தில், ஒரே சாய்வில் இருந்தால், ஸ்பிரிங் அமுங்கும்போது ஆக்ஸில் பக்கவாட்டில் நகரும் அளவே டிராக் லிங்கின் முனையும் நகரும், சக்கரம் திரும்பாது. நீங்கள் டிராக் லிங்கை மட்டும் கீழே இறக்கிச் சாய்வைக் குறைத்துவிட்டு, பான்ஹார்ட் ராடை அதிகச் சாய்விலேயே விட்டுவிட்டீர்கள்.

எடுத்துக்காட்டாக, இரண்டுக்கும் நீளம் 850 மி.மீ. என்றும், உயர்த்திய பின் இரு முனைகளின் உயர வேறுபாடு 180 மி.மீ. என்றும் கொள்வோம். பிட்மன் ஆர்ம் 60 மி.மீ. இறங்கியதால் டிராக் லிங்கின் வேறுபாடு 120 ஆகிவிட்டது. சக்கரங்கள் 50 மி.மீ. மேலேறும்போது பான்ஹார்ட் ராட் ஆக்ஸிலை 9.3 மி.மீ. தள்ளும், டிராக் லிங்கின் முனையோ 5.6 மி.மீ. மட்டுமே நகரும். மீதி 3.7 மி.மீ. எங்கே போகும்? 180 மி.மீ. நீளமுள்ள ஸ்டீரிங் ஆர்மில் அது சுமார் 1.2 டிகிரி திருப்பமாகும். ஓட்டுநர் கையை அசைக்காமலேயே ஒவ்வொரு மேட்டிலும் சக்கரங்கள் அவ்வளவு திரும்புகின்றன. உங்கள் ஸ்டீரிங் வீல் சாய்ந்திருப்பதும் இதனால்தான்: சாய்வு குறைந்த டிராக் லிங்க் கிடைமட்டத்தில் கூடுதல் தூரம் எட்டுகிறது. பழைய பிட்மன் ஆர்மையே திரும்பப் போடுங்கள்.

கோணமானி:
கணக்கு சரி, தீர்வு சரியல்ல. பழைய ஆர்மைப் போட்டால் டிராக் லிங்கின் சாய்வு கூடி, ஸ்பிரிங் முழுவதும் தொங்கும் நிலையில் அதன் முனையிலுள்ள பந்து, கிண்ணத்தின் விளிம்பில் முட்டும். முட்டிய பந்து ஒருநாள் முறியும். அப்போது ஸ்டீரிங்கே இருக்காது. பான்ஹார்ட் ராடின் சேஸிஸ் முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட்டைப் போட்டு, இரண்டையும் இணையாக்குவதுதான் முறை.

நெம்புகோல்:
60 மி.மீ. கீழே தொங்கும் பிராக்கெட்டுக்குக் குறுக்குத் தாங்கி இல்லாவிட்டால் அதுவே வளைந்து நெளிந்து புதிய ஆட்டமாகிவிடும். முட்டுகிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலைத் தொங்கவிட்டு, ஸ்டீரிங்கை இரு எல்லைக்கும் திருப்பிக் கண்ணால் பார்த்துவிடலாம்.

மண்தடம்:
நேற்று மாலை தம்பி ஸ்டீரிங்கை ஆட்ட, நான் கீழே படுத்தேன். டை ராட், பால் ஜாயின்ட், பேரிங் எல்லாம் இறுக்கம். பான்ஹார்ட் ராடின் ஆக்ஸில் முனையில் விரலை வைத்ததும் "டிக், டிக்" என்று போல்ட் துள்ளியது. கழற்றிப் பார்த்தேன். பிராக்கெட்டின் துளை வட்டமாக இல்லை. பக்கவாட்டில் இழுபட்டு முட்டை வடிவமாகி, போல்ட்டைச் சுற்றி ஏறக்குறைய 2 மி.மீ. இடைவெளி. துளையின் விளிம்பு புது இரும்பாகப் பளபளத்தது. அழுக்கோ துருவோ இல்லை. போல்ட்டில் மறை வெட்டிய பகுதியே துளைக்குள் உட்கார்ந்திருந்தது.

பட்டறைவாசி:
பளபளப்பு சொல்லும் செய்தி, தேய்மானம் அண்மையில் நடந்தது என்பதே. கோணமானி கேட்டது நியாயமான கேள்விதான். ஒரே இரவில் தேயவில்லை, ஒரே மாதத்தில் தேய்ந்திருக்கிறது. பளு கூடிய டயர், சாய்வு கூடிய ராட், சரியாக இறுக்கப்படாத தவறான போல்ட் மூன்றும் சேர்ந்தால் துளை தாங்காது. அதே துளையில் பெரிய போல்ட்டைத் திணிக்காதீர்கள். பிராக்கெட்டின் இரு பக்கமும் சரியான துளையுள்ள தடித்த வில்லைகளைப் பற்றவைத்து, மறையில்லாத தண்டுப்பகுதி துளைக்குள் அமரும் போல்ட்டைப் போட்டு, வண்டி தன் பளுவில் நிற்கும்போது இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். 100 கி.மீ. ஓடியபின் மறுபடியும் பாருங்கள்.

பான்ஹார்ட் ராட் பழைய நீளத்திலேயே இருக்கிறது என்றால், நெம்புகோலின் அளவுகளின்படி ஆக்ஸில் சுமார் 15.5 மி.மீ. ஒதுங்கியிருக்க வேண்டும். நீளம் மாற்றக்கூடிய ராடால் முதலில் ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டீரிங் வீலை அதற்குப் பிறகு டிராக் லிங்கின் முறுக்குக் குழாயைத் திருப்பி நேராக்குங்கள். முன்னதாகச் செய்தால் அந்த வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

மண்தடம்:
துளை, போல்ட், ராட் மூன்றையும் முடித்தேன். தொங்கவிட்டுப் பார்த்ததில் பழைய பிட்மன் ஆர்மோடு பந்து எங்கும் முட்டவில்லை. ஆகவே அதையே போட்டுவிட்டேன். அதே பாலத்தின் மேல் 60, 70, 80 கி.மீ. வேகங்களில் மூன்று முறை போய்வந்தேன். பேயாட்டம் இல்லை. ஸ்டீரிங் வீலும் நேர். ஆனால் அலைச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது.

கோணமானி:
அந்த அலைச்சலுக்குப் பெயர் 1.3 டிகிரி. இப்போதாவது புஷ்ஷை மாற்றுவீர்களா?

பட்டறைவாசி:
மாற்றட்டும், ஆனால் 3 டிகிரியை முழுதாக ஏற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே தண்டான ஆக்ஸிலில் காஸ்டரும், முன் ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுவரும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரமான பினியனும் ஒரே உலோகத்தில் கட்டுண்டவை. காஸ்டரை 3 டிகிரி கூட்டினால் பினியன் மூக்கு 3 டிகிரி கீழே குனியும். முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட் ஏற்கெனவே உயரத்தால் மடங்கியிருக்கிறது. இன்னும் மடங்கினால் அதிரும். முன்சக்கரங்களின் நடுவிலுள்ள ஹப்களைக் கையால் விடுவிக்கும் வசதி இருந்தால், ஷாஃப்ட் சாலையில் சுழலாது, ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். எப்போதும் சுழலும் அமைப்பு என்றால் 2 டிகிரியோடு நிறுத்துவதே நல்லது.

கோணமானி:
அதிர்வுக்குப் பயந்து பாதிக் காஸ்டரோடு ஓட்டச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இரட்டை ஜாயின்ட் உள்ள ஷாஃப்டைப் போட்டால் கூடுதல் மடிப்பை அது தாங்கும்.

மண்தடம்:
என் வண்டியில் ஹப்பைக் கையால் விடுவிக்கலாம். 2 டிகிரி கூடுதலாகத் தரும் புஷ்ஷைப் போட்டு அளந்ததில் காஸ்டர் இப்போது 3.4. திருப்பம் முடிந்ததும் ஸ்டீரிங் கைக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு நடுவுக்கு வருகிறது. நான்கு சக்கர இயக்கத்தில் 50 கி.மீ. தாண்டினால் தரைத்தகட்டில் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. அந்த வேகத்தில் நான் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதால் ஷாஃப்டை இப்போதைக்குத் தொடப்போவதில்லை. புது டேம்பரைக் கழற்றிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பார்க்கலாமா என்று மட்டும் தோன்றுகிறது.

பட்டறைவாசி:
தாராளமாக. வெறிச்சோடிய சாலையில், 40 கி.மீ. வேகத்திலிருந்து படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். எங்காவது உதறல் தலைகாட்டினால் டேம்பரைத் திரும்ப மாட்டுவதற்கு முன் அந்தப் போல்ட்டில் இன்னொரு முறை விரலை வையுங்கள்.