"மறுகா" சொல்லத் தயங்கும் மகள்

படுவான்கரைத் தாய்:
வணக்கம். எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அருகில் உள்ளது. மகள் 5ஆம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, இவ்வாண்டு முதல் மட்டக்களப்பு நகரில் 6ஆம் தரம் படிக்கிறாள். பள்ளி நாட்களில் கல்லடியிலுள்ள என் தங்கை வீட்டில் தங்குகிறாள். முதல் வாரத்தில் ஏதோ கதை சொல்லும்போது "மறுகா" என்று சொல்லிவிட்டாளாம்; அன்றிலிருந்து அதுவே வகுப்பில் அவளுடைய பட்டப்பெயர். இப்போது விடை தெரிந்தாலும் கையுயர்த்துவதில்லை என்கிறாள். சென்ற ஞாயிறு, "மறுகா என்ன புள்ள நடந்த?" என்று ஆசையோடு கேட்ட என் அம்மாவை, "பிறகு என்று சொல்லுங்க அம்மம்மா" என்று திருத்தினாள். அம்மா சிரித்தார், ஆனால் அதன்பின் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. வகுப்பாசிரியரிடம் முறையிடுவதா, நகரப் பேச்சைப் பழகட்டும் என்று விடுவதா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பேச்சுத் தமிழ் வழக்குகளுள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்பு வழக்கே என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் எழுதியிருக்கிறார். சிரிக்கும் பிள்ளைகளின் பாட்டிமாரும், வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருந்தாலும், "மறுகா" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆயினும் இதை வகுப்பில் விளக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேட்காதீர்கள். நான் ஒருமுறை அப்படிக் கேலிக்குள்ளான மாணவனை எழுப்பி நிறுத்தி, அவன் சொல்லின் பெருமையைக் கால்மணி நேரம் பேசினேன். அந்தத் தவணை முடியும்வரை அவன் வாய் திறக்கவில்லை. பட்டப்பெயரை மட்டும், ஆசிரியர் தனியே அழைத்துக் கண்டிக்கட்டும்.

வாவிக்கரை வாசகர்:
பட்டப்பெயர் இல்லாமல் நம்மில் யார் படித்தோம்? இதைப் பெரிதாக்க வேண்டாம்.

ஆரையம்பதியில் வசிப்பவள்:
மேலே எழுதியவருக்கு: பெயர் சிறியதுதான், ஆனால் அப்பிள்ளை கையுயர்த்துவதையே நிறுத்திவிட்டாளே. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன், "பாதை" என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து படிக்கச் சென்றவள் நான். கரையேறியதும் பேச்சை மாற்றிக்கொள்வேன். மாலையில் பாதையில் கால் வைத்ததும் பழைய பேச்சு தானாக வந்துவிடும். அதில் எனக்கு வெட்கமில்லை, இரண்டும் என்னுடையவையே. எனவே அவள் "பிறகு" என்று பேசுவதைத் தடுக்காதீர்கள், அம்மம்மாவைத் திருத்துவதை மட்டும் மெதுவாக நிறுத்துங்கள். முழு வகுப்பையும் வெல்ல முடியாது. அவளுக்குப் பிடித்த ஒருத்தியை ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அழையுங்கள்.

படுவான்கரைத் தாய்:
அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் தனியே பேசியிருக்கிறார். கேலி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. நேற்று ஒரு தோழி வந்திருந்தாள். பாதை சுழியில் அகப்பட்ட பழைய கதையை அம்மா தொடங்கி, வெற்றிலை மடிப்பதற்காக இடையில் நிறுத்தினார். அந்தப் பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு, "மறுகா?" என்றது. மகள் சட்டென நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை என்று கண்டிருக்க வேண்டும். மீதிக் கதையைத் தானே சொல்லத் தொடங்கினாள்.