உடம்பில் இருக்கும் செல்லின் "பிடி"யைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வழி சொல்லுங்களேன்

வணக்கம். ரங்கூனில் ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். "டீச்சர், செல்லுக்குக் கண்ணா இருக்கு? இடம் மெத்தென்று இருக்கா, கெட்டியா என்று அதுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு பொடியன் கேட்டுவிட்டான்.

செல் பிடித்து இழுத்துத்தான் பார்க்கிறது. அதன் மேல்சவ்வில் உள்ள இன்டெக்ரின் புரதம் வெளியே கொலாஜன் போன்ற நாரைப் பற்றும். செல்லுக்கு உள்ளிருந்து ஆக்டின் என்ற புரத இழைகள் இழுக்கும். வெளியே கெட்டியாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிய டாலின் என்ற புரதம் நீண்டு மடிப்பு அவிழும். அவிழ்ந்த இடத்தில் வின்குலின் என்ற இன்னொரு புரதம் வந்து ஒட்டும், பிடி இறுகும். மெத்தென்ற இடத்தில் அந்தப் பிடி வளராது. சேற்றில் காலை ஊன்றி வண்டி தள்ளுவது மாதிரி.

இதைக் காட்ட இரண்டு தட்டில் கடல்பாசி (அகர் அகர்) காய்ச்சி ஊற்றினேன், ஒன்று தளர்வாக, ஒன்று கெட்டியாக. நூலைப் பதித்து இழுத்தால் தளர்ந்தது கிழிந்தே போச்சு, கெட்டியில் தட்டே நகர்ந்து வந்தது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு! கிழியாமல், வளைவது மட்டும் தெரிய என்ன செய்யலாம்? ஜெலட்டின் சரிவருமா?

அப்புறம், செல் இப்படி வெளியே பற்றிக்கொள்ளும் இடத்துக்குப் பெயரான "ஃபோகல் அடிஷன்" என்பதை "பிடிமானப் புள்ளி" என்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். வரும் ஞாயிறுக்குள் வேண்டும்.