பொங்கலுக்கு முகப்பில் கிப்பிங் தொங்கவிட ஆசை, எப்படிச் செய்வது?

பள்ளத்தூர்ப் பேரன்:
வரும் பொங்கலுக்குப் பங்காளிகள் ஒன்பது புள்ளியும், அதாவது ஒன்பது குடும்பமும், ஊருக்கு வருகிறோம், ரொம்ப வருடம் கழித்து. பிலிப்பைன்ஸில் லுக்பான் என்ற ஊரில் மே 15 அன்று பாஹியாஸ் என்று ஓர் அறுவடைத் திருவிழா நடக்கிறது. அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. வீட்டு வாசல் முழுக்க நெற்கதிர், காய்கறி, வாழைத்தார், நடுவே கலர் கலராக இலை மாதிரி ஒன்று, வெயில் பட்டால் கண்ணாடி போல மின்னுகிறது. அரிசியில் செய்வதாம், பெயர் கிப்பிங். மாவு கரைத்து வாழையிலையில் ஊற்றி அவித்துப் பார்த்தேன், உரிக்கும்போது நாலாகக் கிழிந்துவிட்டது. எங்கே தப்பு?

மணிலா ரிட்டர்ன்:
தம்பி, நான் அங்கே வேலையில் இருந்தபோது இரண்டு தடவை போயிருக்கிறேன். பனஹாவ் மலையடிவாரத்து ஊர், மண் நல்ல வளம். உழவர்களின் காவலரான சான் இசிட்ரோவுக்கு நன்றி சொல்லும் நாள் அது. ஸ்பெயினில் கூலி உழவராக இருந்தவர், அவர் ஜெபத்தில் இருக்கும்போது தேவதூதர்கள் வந்து ஏர் ஓட்டினார்கள் என்று கதை. முன்பெல்லாம் விளைந்ததைத் தேவாலயத்துக்கே கொண்டுபோவார்களாம், இடம் போதாமல் போகவே அவரவர் வாசலில் வைக்க ஆரம்பித்தார்கள் என்று சொல்வார்கள். ஊர்வலம் போகும் தெரு வருடா வருடம் மாறும், அதனால் எல்லா வீட்டுக்கும் ஒரு முறை வரும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கிப்பிங்கைப் பூவாகக் கோத்து சரவிளக்கு மாதிரி தொங்கவிடுவார்கள், அதற்கு அரங்யா என்று பெயர். விழா முடிந்தபின் பொரித்தும் தின்னலாம்.

தேவகோட்டை ஆச்சி:
இது நம்ம இலை வடகம்தானே அப்பு! எங்க அப்பத்தா பூவரசு இலையில் ஊற்றுவார்கள். கடை மாவு வேண்டாம். பச்சரிசியை ஊறப்போட்டு மையாக ஆட்டி, ஒரு ராத்திரி வைத்து, தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்துக்கொள்ளுங்கள். இலையை நரம்பு எடுப்பாகத் தெரியும் பக்கமாகத் திருப்பி, எண்ணெயை விரலால் தொட்டு மட்டும் தடவி, மாவை மெல்லிசாகப் பரப்பி அவியுங்கள். வெந்ததும் சூட்டோடு உரித்தால் கிழியும். உங்களுக்கு நடந்தது அதுதான், கொஞ்சம் ஆறவிட்டு நுனியிலிருந்து மெதுவாக இழுங்கள். நரம்பெல்லாம் அப்படியே பதிந்து வரும். நிழலில் காயவையுங்கள், லேசாகக் காய்ந்ததும் மேலே கனமாக எதையாவது வைத்தால் சுருளாது.

கானாடுகாத்தான் வாசி:
எனக்கு ஒரு மனக்குறை, சொல்லிவிடுகிறேன். பொங்கல் நம் வளவில், வீட்டு உள்முற்றத்தில், நடப்பது. நடுவீட்டுக் கோலமும் பானையும்தான் பொங்கல், வாசலை ஜோடிக்கப் போய் அது பின்னுக்குப் போய்விடக் கூடாது. அப்புறம், தின்கிற பொருளைக் காட்சிக்குத் தொங்கவிட்டுக் குப்பையில் போட்டால் என் மனசு கேட்காது.

மணிலா ரிட்டர்ன்:
அங்கேயும் வீணாக்க மாட்டார்கள் அண்ணே. ஊர்வலம் போனதும் தொங்குகிற காயையும் பழத்தையும் வந்த ஜனங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். முன்பின் தெரியாத என் கையில் ஒரு பாட்டி இரண்டு கத்தரிக்காயும் ஒரு கிப்பிங் கொத்தும் திணித்தார், சாப்பிட்டுப் போ என்று உள்ளே கூப்பிட்டார். நம் ஓலைக் கொட்டானில் பலகாரம் வைத்துக் கொடுத்துவிடுவோமே, அதே மனசுதான்.

பள்ளத்தூர்ப் பேரன்:
ஆச்சி, உங்கள் பக்குவம் கை கொடுத்தது. பன்னிரண்டு ஊற்றினேன், ஏழு முழுசாக வந்தது. கடைச் சாயம் வேண்டாமென்று நாலில் கவுனி அரிசியை அரைத்துச் சேர்த்தேன், நாவல்பழ நிறத்தில் இருக்கிறது, ஜன்னலில் பிடித்தால் நரம்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. கானாடுகாத்தான் அண்ணே, நீங்கள் சொன்னது சரி. முதலில் வளவில் பொங்கல், முகப்பு அப்புறம்தான். மாட்டுப்பொங்கல் மத்தியானம் எல்லாவற்றையும் இறக்கிப் பொரித்துத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறோம். பக்கத்தில் இருந்தால் நீங்களும் வாருங்கள்.