60 வருஷம் தேடியும் சிக்னல் இல்லையே?

கேள்வி:
1960-இல் வானியலாளர் ஃப்ராங்க் டிரேக் தொடங்கிய, வேற்றுக்கிரகவாசிகளின் ரேடியோ சிக்னலுக்கான தேடல் இன்னும் வெறுங்கையோடுதான் நிற்கிறது. வேற்றுக்கிரகவாசிகள் இல்லை என்றே முடிவு கட்டலாமா? இதைச் சொந்தமாகப் படிக்க எங்கே தொடங்குவது?

பதில் 1:
முடியாது. டிரேக் கேட்டது இரண்டே நட்சத்திரங்களை. திசை, அலைவரிசை, நேரம், கருவியின் உணர்திறன் எல்லாம் ஒருசேர அமைய வேண்டும். தூரம் 10 மடங்கானால் சிக்னல் நூறில் ஒரு பங்காகிவிடும்.

பதில் 2:
"கிடைத்துவிட்டது" என்பதைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். வழக்கமான சோதனை: தொலைநோக்கியை நட்சத்திரத்தின் பக்கம் 5 நிமிடம், விலக்கி 5 நிமிடம், இப்படி மூன்று முறை. விலகியபோதும் கேட்டால் அது பூமிக் குப்பை. 2019-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி, சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி பக்கம் பதிவு செய்த 982 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் இந்த மாதிரிச் சோதனையையே ஏமாற்றிவிட்டது! பிறகு அதே சாயலில் வேறு அலைவரிசைகளிலும் சிக்னல்கள் இருந்தது தெரிந்து, மனிதக் கருவிகளின் இடையூறு என்று முடிவானது.

பதில் 3:
படிக்க: மடக்கை, டெசிபல் (சிக்னல் வலிமையை ஒப்பிடும் மடக்கை அளவு), டாப்ளர் விளைவு (நகர்வால் அலைவரிசை மாறுவது), இந்த வரிசையில். பயிற்சிக்கு ஒன்று: ஹைட்ரஜன் வரி (விண்வெளி ஹைட்ரஜன் வாயு வெளியிடும் ரேடியோ அலை) 1420.4 மெகாஹெர்ட்ஸ், வாயு நொடிக்கு 10 கிலோமீட்டர் விலகிச் சென்றால் அது எவ்வளவு இறங்கும்? சுமார் 47 கிலோஹெர்ட்ஸ் வர வேண்டும்.

அடுத்து கையால் செய்யுங்கள். ஒரு மீட்டர் டிஷ், யுஎஸ்பி எஸ்டிஆர் ரிசீவர் (கணினி மென்பொருளால் இயங்கும் ரேடியோ), இரைச்சல் குறைந்த பெருக்கி, ஃபில்டர் போதும்; பால்வீதியின் ஹைட்ரஜன் தெரியும். பெருக்கியைக் கணினி பக்கம் வைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. நீள கேபிளிலேயே சிக்னல் தேய்ந்துவிடும்; டிஷ் முனையிலேயே மாட்டுங்கள். ஒரு நொடிப் பதிவில் ஒன்றும் தெரியாது, சில நிமிடங்களைச் சராசரி எடுங்கள்.