இறகு ஹூக்ல நிக்கவே மாட்டேங்குது, ஹெல்ப் ப்ளீஸ்

கெண்டைப்பையன்:
சிவாஜிநகர்ல ஒரு கோழிக்கடைல ஒரு கவர் நிறைய இறகு சும்மாவே குடுத்தாங்க. கழுவி காய வச்சு ஃப்ளை (தூண்டில் ஹூக்ல இறகு சுத்தி பண்ற பொய்ப்பூச்சி) கட்டுனா இழையெல்லாம் விறைப்பா நிக்காம பொத்துனு படுத்துக்குது, தண்ணில போட்டா உடனே முங்குது. நாத்தம் வேற, வீட்ல திட்டு. ஞாயித்துக்கிழமை கிளம்பணும், யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க

அல்சூர்_தூண்டில்:
தம்பி எந்த கோழி? உடம்புல எந்த எடத்து இறகு? டிரை ஃப்ளையா (தண்ணி மேல மிதக்கறது) வெட் ஃப்ளையா (உள்ள முங்கறது)? எதுல கழுவுன?

மடிவாளா மணி:
எல்லாம் போர் தண்ணி பண்ற வேலை. உப்புத்தண்ணில என்ன கழுவுனாலும் பிசுபிசுன்னு ஆயிடும், காவேரி தண்ணி வர்ற அன்னைக்கு கழுவிப் பாருங்க

பழைய தூண்டில்:
போர் தண்ணியும் இல்ல ஒண்ணும் இல்ல மணி. இதை இங்க எத்தனை தடவை எழுதிட்டேன், தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்ல. பிராய்லர ஆறு ஏழு வாரத்துல வெட்டிடுறாங்க, அதுக்குள்ள ஹேக்கிள் (ஹூக்ல சுத்துற இறகு) எங்க முத்தும்? டிரை ஃப்ளைக்கு ஒரு வயசு தாண்டுன சேவலோட கழுத்து இல்லனா பின்முதுகு இறகு வேணும். இறகை வளைச்சுப் பாரு, இழை தனித்தனியா முள்ளு மாதிரி விரியணும், தண்டை ஒட்டி பஞ்சு கம்மியா இருக்கணும்.

கெண்டைப்பையன்:
பிராய்லர்தான் அண்ணா 😐 வெந்நீர்ல முக்கி மிஷின்ல போட்டு எடுத்தது. விம் போட்டு கழுவுனேன்

அல்சூர்_தூண்டில்:
இதை முதல்லயே சொல்லிருக்கலாம்ல! விம் தப்பில்ல, நல்லா அலசுனா போதும். வாத்தோட எண்ணெய் சுரப்பிய சுத்தி இருக்கற இறகை மட்டும் சோப்புல போடாதீங்க, எண்ணெய் போயிட்டா மிதக்கறது குறையும். நாட்டுக்கோழி கடைல வயசான சேவலா பாத்து, வெந்நீர் வேணாம், கழுத்துத் தோலை இறகோட உரிச்சு குடுங்கன்னு கேளுங்க. கொழுப்பை சுரண்டிட்டு (நாத்தம் அதுலதான்) வெங்காரம் (போராக்ஸ்) தடவி, அட்டைல தோல்பக்கம் மேல இருக்கற மாதிரி குத்தி காய விடுங்க. அப்புறம் ஜிப் கவர்ல போட்டு ஒரு வாரம் ஃப்ரீசர், ரெண்டு நாள் வெளில, திரும்ப ஒரு வாரம். பூச்சி முட்டை முதல் தடவைல தப்பிச்சாலும் ரெண்டாவதுல போயிடும். ஞாயித்துக்கிழமைக்கு இது ஆகாது, இருக்கறதுல நல்ல இறகா பொறுக்கி வெட் ஃப்ளை கட்டுங்க, ரெண்டு சுத்து போதும், மெத்துனு இருக்கறது அங்க நல்லதுதான்.

மடிவாளா மணி:
உடம்புக்கு மயில் தோகை இழை சுத்துங்க, ஜொலிக்கும்

ரயில்வே காலனி:
மயிலா? 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் தெரியுமா, உள்ள போகணுமா?

பழைய தூண்டில்:
அரைகுறையா பேசாதீங்க. தானா உதிர்ந்த தோகைய உள்நாட்டுல வச்சுக்கலாம், விக்கலாம். ஏற்றுமதிதான் கூடாது.

ரயில்வே காலனி:
உதிர்ந்துச்சா புடுங்குனாங்களான்னு நீங்க கூட நின்னு பாத்தீங்களா

மடிவாளா மணி:
ஆடிக்கிருத்திகைக்கு அல்சூர்ல காவடி காவடியா கட்டுறாங்க, அங்க போய் கேளுங்க இதை

ரயில்வே காலனி:
சாமி விஷயத்த ஏன் சார் இழுக்கறீங்க

அல்சூர்_தூண்டில்:
ரெண்டு பேரும் தனியா போய் சண்டை போடுங்கப்பா. தம்பி, ஹூக் சைஸ் என்ன? இன்னும் சொல்லல

கெண்டைப்பையன்:
சாரி லேட்டு. சேவல் கிடைச்சுது, கழுத்து மட்டும் தரமாட்டேன்னுட்டார், முழுசா வாங்கிட்டேன். தோல் அட்டைல காயுது. குழம்பு செம. அம்மா இப்ப திட்டல

மடிவாளா மணி:
மீன்?