ஹாட் டப் பக்கத்தில் வைக்கத் துண்டு சூடாக்கும் பெட்டி செய்தேன்: சூடு ஏறவில்லை, ஆர்.சி.சி.பி. வேறு ட்ரிப் ஆகிறது

பலகைக்காரன்:
வணக்கம். ஹாட் டப்பை (வெந்நீர்த் தொட்டி) விட்டு வெளியே வந்ததும் சூடாக ஒரு துண்டு கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று நானே ஒரு பெட்டி செய்தேன். 18 மி.மீ. ப்ளைவுட், நீளம் 60, அகலம் 40, உயரம் 40 செ.மீ. மேலே கீல் வைத்த மூடி. அடியில் 60 வாட் குண்டு பல்பு, அதற்கு மேல் கம்பி வலைத் தட்டு, தட்டில் மடித்து அடுக்கிய துண்டுகள்.

வெளியே 10 டிகிரி குளிர் இருக்கும்போது உள்ளே 24-ஐத் தாண்டுவதே இல்லை, எவ்வளவு நேரம் விட்டாலும் அப்படித்தான். அடித் துண்டில் பல்புக்கு நேர் மேலே உள்ளங்கை அளவுக்கு நல்ல சூடு, மற்றதெல்லாம் சில்லென்று இருக்கிறது. மேல் துண்டில் லேசாக ஈரவாடை. போதாக்குறைக்கு மழை பெய்த மறுநாள் ஸ்விட்சைப் போட்டால் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ட்ரிப் ஆகிறது, ஒரு வெயில் காய்ந்தால் சரியாகிவிடுகிறது. 150 வாட் ஹீட்டர் ராடு ஒன்று கையில் இருக்கிறது. பல்பைக் கழற்றிவிட்டு அதைப் போட்டால் தீருமா?

ஒயர்மேன்:
ராடை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் மூன்று கேள்விகள். ஹோல்டர் பித்தளையா, பீங்கானா? வயர் எங்கே, எப்படி ஜாயிண்ட் போட்டிருக்கிறது? தொட்டியின் விளிம்பிலிருந்து பெட்டி எவ்வளவு தூரம்?

பலகைக்காரன்:
பித்தளை ஹோல்டர். ஜாயிண்ட் பெட்டிக்கு அடியில், இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன். தூரம் ஒரு மீட்டர் இருக்கும். தொட்டியில் உட்கார்ந்தபடியே கை நீட்டி எடுக்கலாம், அதற்காகத்தானே செய்தது!

ஒயர்மேன்:
அந்த வசதிதான் இதில் பெரிய ஆபத்து, சார். தண்ணீரில் உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் இடத்தில் மெயின்ஸ் கரண்ட் இருக்கவே கூடாது. ஐ.ஈ.சி. 60364 என்ற சர்வதேச மின்இணைப்பு விதிகளில் நீச்சல்குளங்களுக்கான 702-ஆம் பகுதி, விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை ஒரு மண்டலம், அதற்கு அப்பால் 1.5 மீட்டர் இன்னொரு மண்டலம் என்று பிரித்து இரண்டுக்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நனைந்த தோலின் மின்தடை குறைவு, வெறுங்கால் வேறு ஈரத்தரையில். ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியரில் துண்டிப்பது உயிரைக் காக்கத்தான். தொல்லையாக இருக்கிறதே என்று அதைத் தாண்டி வயர் இழுத்துவிடாதீர்கள்.

ட்ரிப் ஆவதற்குக் காரணம் அந்த டேப் ஜாயிண்ட் என்று நினைக்கிறேன். டேப் மழையைத் தாங்காது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேறவும் வழியில்லை. பித்தளை ஹோல்டருக்குள் நீர் பூத்தாலும் இதே கதைதான். ராடு போட்டால் இன்னும் மோசமாகும். அதனுள்ளே சுருளைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். முனையில் சீல் சரியில்லாமல் வெளியே சும்மா கிடந்தால் அந்தத் தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்விட்சைப் போட்டதும் கசிவு, உடனே ட்ரிப்.

சூடுமானி:
சூடு ஏறாததற்குக் கணக்கு எளிது. உங்கள் பெட்டியின் மொத்தப் பரப்பு சுமார் 1.28 சதுர மீட்டர். வெறும் 18 மி.மீ. ப்ளைவுட் வழியே, உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தாலே மொத்தம் 4 வாட் போல வெளியேறும். 60 வாட்டை 4-ஆல் வகுத்தால் 15. வெளியே 10, உள்ளே 25. நீங்கள் அளந்த 24 அச்சாக வந்துவிட்டது பாருங்கள்.

உட்பக்கம் ஆறு முகத்திலும் 25 மி.மீ. ஃபோம் பலகை ஒட்டினால் டிகிரிக்கு 1.1 வாட்தான் போகும். அதே 60 வாட்டுக்குக் கணக்குப்படி 50 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். மூடி இடுக்கில் கசிவது போக 35, 40 நிச்சயம் கிடைக்கும். அதனால் வாட்டைக் கூட்டாமல் ஃபோமை ஒட்டுங்கள். மூடி உட்காரும் விளிம்பில் ரப்பர் பட்டையும் வேண்டும். சாதா தெர்மோகோல் 80 டிகிரி வாக்கில் இளகிவிடும், பல்பு பக்கத்தில் அது வேண்டாம். அலுமினியத் தாள் ஒட்டிய பி.ஐ.ஆர். பலகை (சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும் கெட்டி ஃபோம்) கிடைத்தால் நல்லது.

குளிர்தாங்கி:
எதற்கு இவ்வளவு பாடு? தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கச் சுற்றுவார்களே, அந்த ஹீட்டிங் கேபிளை உள்ளே வளைத்து வளைத்து ஓட்டிவிடுங்கள். மழைக்குத் தாங்கும்.

சூடுமானி:
தெர்மோஸ்டாட் சேர்ந்து வரும் வகை இதற்கு உதவாது நண்பரே. அது 3 டிகிரி வாக்கில் ஆன் ஆகி, 10-ஐக் கொஞ்சம் தாண்டியதும் ஆஃப் ஆகிவிடும். குழாய்க்கு அது போதும். துண்டு சூடாவதற்கு முன்பே அது தூங்கிவிடும்.

பலகைக்காரன்:
ஃபோம் சரி. தொட்டித் தண்ணீரையே செப்புக் குழாயில் பெட்டிக்குள் சுற்றவிட்டால்? கரண்டே வேண்டாமே.

ஒயர்மேன்:
தொட்டித் தண்ணீரே 40 டிகிரிக்கு மேல் போகாது. துண்டு அதைவிடக் கீழேதான் நிற்கும். 35 டிகிரித் துண்டு ஈர உடம்புக்குச் சூடாகவே தெரியாது. குளோரின் செப்பை அரிக்கும், அந்தச் செம்பு தண்ணீரில் கலந்து தொட்டியில் பச்சைக் கறை விடும்.

என் யோசனை: 24 வோல்ட் டி.சி., 100 வாட் பி.டி.சி. ஹீட்டர், ஃபேனோடு சேர்ந்தது. சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறுவதால் தானே அடங்கும், பல்பு மாதிரி ஒரே இடத்தில் பொசுக்காது. மெயின்ஸை 24 ஆக மாற்றும் பவர் சப்ளை வீட்டுக்குள் இருக்கட்டும், வெளியே வருவது 24 வோல்ட் மட்டும். 12 வோல்ட் எடுக்காதீர்கள். 10 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. வயரில் 8 ஆம்பியர் போனால் கிட்டத்தட்ட 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 24-இல் பாதி ஆம்பியர், இழப்பும் 1 வோல்ட்டுக்குள். இப்படிச் செய்தாலும் பெட்டியை 2 மீட்டருக்கு அப்பால் தள்ளியே வையுங்கள்.

உள்ளே 50 டிகிரியில் துண்டிக்கும் கே.எஸ்.டி. 301 வகை தெர்மோஸ்டாட், அதோடு வரிசையில் 72 டிகிரியில் ஒரேயடியாக அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸ். இரண்டும் வேண்டும். தெர்மோஸ்டாட்டின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் ஃபியூஸ்தான் கடைசிக் காவல். ஃபியூஸ் கால்களுக்குச் சால்டரிங் வைத்தால் அந்தச் சூட்டிலேயே போய்விடும், கிரிம்ப் செய்யுங்கள் (உலோகக் குழலுக்குள் வைத்து நெருக்குவது).

துவைப்புக்காரி:
ஈரவாடையைப் பற்றி யாருமே பேசவில்லையே. துடைத்த துண்டைத் திரும்பப் பெட்டிக்குள் போடுகிறீர்களா தம்பி?

பலகைக்காரன்:
ஆமாம் அக்கா, அடுத்த முறைக்குக் காயட்டும் என்று.

துவைப்புக்காரி:
காயாது. உலர்ந்த துண்டு 600 கிராம் இருக்கும், 10-லிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 27 கிலோஜூல் போதும். 60 வாட்டுக்கு எட்டு நிமிட வேலைகூட இல்லை. அதே துண்டில் அரை லிட்டர் தண்ணீர் இருந்தால் அதை ஆவியாக்க மட்டும் 1,100 கிலோஜூலுக்கு மேல். சூடு முழுக்க அதற்கே போனாலும் ஐந்து மணி நேரத்தைத் தாண்டும். அந்த ஆவி மேலே ஏறி, குளிர்ந்த மூடியில் பட்டு, மேல் துண்டில் சொட்டும். ஈரத்தைக் கொடியில் போடுங்கள், பெட்டிக்குள் உலர்ந்தது மட்டும் போகட்டும்.

அப்புறம் எண்ணெய். மசாஜ் எண்ணெய் பிசுக்கு ஏறிய துண்டைச் சூடாக மடித்து அடுக்கவே கூடாது. எண்ணெய் காற்றோடு சேரும்போது தானே சூடு கிளம்பும், அடுக்குக்கு நடுவில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் புகைந்து தீப்பிடிக்கும். சலவைக் கூடங்களில் இப்படி நடந்ததுண்டு. ஒரு முறை துவைத்ததால் எண்ணெய் முழுக்கப் போய்விட்டது என்றும் நம்ப வேண்டாம்.

பலகைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. பி.ஐ.ஆர். ஒட்டி, ரப்பர் பட்டை வைத்து, 24 வோல்ட் ஹீட்டருக்கு மாறிவிட்டேன். பெட்டி சுவரோரம் போய்விட்டது. இரண்டு எட்டு நடக்க வேண்டும், பரவாயில்லை. வெளியே 9 டிகிரி, உள்ளே 47 வரை ஏறி தெர்மோஸ்டாட் விட்டு விட்டு ஓடுகிறது. மழைக்குப் பிறகும் ட்ரிப் இல்லை. ஒரு குறைதான்: அடுக்கின் நடுவில் இருக்கும் துண்டு மட்டும் இன்னும் மந்தமாகவே இருக்கிறது. காற்றுக்கு ஓட்டை போடவா?

சூடுமானி:
அடுக்கினால் அப்படித்தான். துண்டின் பஞ்சும் ஒருவகை ஃபோம்தானே. குறுக்கே மூன்று கம்பி கொடுத்துத் துண்டுகளைத் தொங்கவிடுங்கள், நடுவில் இரண்டு விரல் இடைவெளி போதும். ஹீட்டர் வாயிலிருந்து குறைந்தது 10 செ.மீ. காலியாக இருக்கட்டும், துண்டு நழுவி விழாமல் அங்கே ஒரு வலையும் வேண்டும்.

ஓட்டை போடலாம், ஆனால் சிறிதாக. அடியில் ஒன்று, எதிர்ப்பக்கம் மூடிக்குக் கீழே ஒன்று, விரல் பருமன். 10 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 45 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மிச்சமிருக்கும் வாடையையும் அதுவே இழுத்துக்கொண்டு போகும். மேல் ஓட்டைக்குச் சரிவாக ஒரு சின்னக் கூரைப் பலகை அடியுங்கள். வயர் நுழையும் இடம் பெட்டியின் அடிப்பக்கமாக, கிளாண்ட் (வயரைச் சுற்றி நீர் புகாமல் இறுக்கும் வளையம்) போட்டு இருக்கட்டும். நுழைவதற்கு முன் வயர் ஒரு வளைவு கீழே தொங்கினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.