வைத்தியசாலைக்கு நிதி சேர்க்கச் சைக்கிள் பயணம்: பயன் தருமா, செலவில் கரைந்துவிடுமா?

கேள்வி
பதிந்தவர்: வடமராட்சிப் பழைய மாணவர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பிரதேசத்தின் ஆதார வைத்தியசாலைக்கு இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுக்க நிதி திரட்டுவதென்று எமது பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்திருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் பஸ்ஸில் போய், களைத்துப்போய்த் திரும்பி வருவதை ஊரில் எல்லோரும் பார்க்கிறோம். ஆகவே நோக்கத்தைப் பற்றி எவருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. பணத்தை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் இழுபறி.

கொழும்பிலிருந்து ஊர்வரை ஏறத்தாழ 400 கிலோமீற்றரை நான்கைந்து நாட்களில் சைக்கிளில் கடந்து, அதைக் காட்டி நிதி கேட்கலாம் என்பது இளைய உறுப்பினர்களின் யோசனை. மூத்தவர்களோ, “நீங்கள் சைக்கிள் ஓடுவதால் வைத்தியசாலைக்கு என்ன வரப்போகிறது? ஓடுகிற செலவையும் சேர்த்துக் காசாகவே கொடுத்துவிடலாமே” என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

நேரே போய்க் கேட்பதைவிட இத்தகைய பயணங்கள் உண்மையில் கூடுதலான பணத்தைக் கொண்டுவருகின்றனவா? தங்குமிடம், உணவு, கூடவரும் வாகனம், ரீசேட் போன்ற செலவுகளை யார் ஏற்பது முறை? லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள எமது பழைய மாணவர்கள் தாங்களும் வந்து ஓடுவதாகச் சொல்கிறார்கள். அங்கே சேரும் பணத்தை ஒழுங்கான வழியில் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? இத்தகைய காரியங்களில் ஈடுபட்டவர்கள் விளக்கினால் அடுத்த கூட்டத்துக்கு உதவியாக இருக்கும்.

மறுமொழி 1
பதிந்தவர்: தெல்லிப்பளை வாசி

உங்கள் மூத்தவர்களின் கேள்விக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. தெல்லிப்பளையில் இன்று இயங்கும் புற்றுநோய் வைத்தியசாலை, 2011 யூலையில் நடந்த ‘ட்ரெயில்’ என்ற நிதி சேகரிப்பு நடைபயணத்தால் உருவானது. தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்தார்கள். அதை முன்னின்று நடத்திய நேத்தன் சிவகணநாதனும் சரிந்த உனம்பூவேயும் ஆடை உற்பத்தித் துறையைச் சேர்ந்தவர்கள் என்பதால் அவர்களுக்குப் பின்னால் நிறுவனங்களின் பலம் இருந்தது. அந்தப் பலம் உங்களுக்கு இல்லை என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

ஆனால் நிறுவனங்களின் பலத்தால் மட்டும் அது வெற்றி பெறவில்லை. அக்காலத்தில் வடக்கிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் கொழும்புக்கு அருகே மகரகமவிலுள்ள தேசிய புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போவதென்றால் ஒரு நாட் பயணம், அங்கே தங்க இடம் தேட வேண்டும், மொழி வேறு தெரியாது. யுத்தம் முடிந்து இரண்டே ஆண்டுகளில், தெற்கிலிருந்து சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அதே பாதையில் வடக்கு நோயாளருக்காக நடந்து வந்தபோது, கொடுப்பவருக்கு எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முழுத்தூரமும் நடக்க முடியாதவர்கள் தம் ஊர் எல்லைக்குள் சில கிலோமீற்றர் சேர்ந்து நடந்தார்கள். 2016இல் அதே பாதையை எதிர்த்திசையில், பருத்தித்துறையிலிருந்து 28 நாட்களில் நடந்து, காலி கராப்பிட்டி வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு அமைக்க 50 இலட்சம் அமெரிக்க டொலரை இலக்காக வைத்தார்கள். அதற்குப் பெருந்துணையாக நின்ற கிரிக்கெற் வீரர் மகேல ஜயவர்தன, தன் தம்பியைப் பதின்பருவத்திலேயே மூளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. அதே 2016இல் மகரகம வைத்தியசாலைக்குப் பெற் ஸ்கான் கருவி (உடலில் புற்றுநோய் இருக்கும் இடங்களைப் படமெடுத்துக் காட்டுவது) வாங்க 20 கோடி ரூபா இலக்குடன் ஓர் இயக்கம் தொடங்கியது. புற்றுநோயால் மகனை இழந்த தந்தை ஒருவர் அதன் முன்னணியில் நின்றார். நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எவரும் நடக்கவில்லை. நூறு ரூபா கொடுத்தவர்களும் இருந்தார்கள். சில மாதங்களில் இலக்கு நிறைந்தது. ஆனால் பணம் சேர்ந்த பிறகு கொள்முதல் நடைமுறைகளில் பல மாதங்கள் கழிந்தன என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆக, நடைபவனியோ சைக்கிள் ஓட்டமோ பணம் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் ஒரு நல்ல சாட்டு, அவ்வளவுதான். அந்தச் சாட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவர்களிடம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 30 பேர் ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் 20 பேரிடம் தலைக்கு 5,000 ரூபா பெற்றால் 30 இலட்சம் சேரும். அதே 30 பேரும் வீதியில் உண்டியலை நீட்டினால் அதில் பத்தில் ஒரு பங்கு சேருமா என்பதே சந்தேகம். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று வாக்குறுதி வாங்கிவிட்டு, ஓடி முடித்த பின் வீடு வீடாகத் திரியும் முறையைத் தவிர்த்து, புறப்படுவதற்கு முன்னரே பணத்தைப் பெற்றுப் பற்றுச்சீட்டுக் கொடுத்துவிடுங்கள். உணவுக்கும் வாகனத்துக்கும் உள்ளூர்க் கடைக்காரர்களையும் வசதியுள்ள உறுப்பினர்களையும் தனியாக அணுகுங்கள். பொதுமக்களின் பணத்தில் ஒரு ரீசேட்கூடத் தைக்கக் கூடாது.

மறுமொழி 2
பதிந்தவர்: சிறுநீரகப் பிரிவுத் தாதி

எப்படி ஓடுவது என்பதற்கு முன்னால், எதற்காக ஓடுகிறோம் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மருத்துவ அத்தியட்சகரிடம் எழுத்தில் கேட்டீர்களா? உங்கள் பதிவில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் தனியாக ஒன்றும் செய்யாது. ஒரு நோயாளிக்கு ஒரு தடவை சுத்திகரிக்க வழமையாக நான்கு மணித்தியாலம் எடுக்கும். அந்நேரம் முழுவதும் நிமிடத்துக்கு சுமார் அரை லீற்றர் வீதம், இரத்தத்திலுள்ள கழிவை ஏற்கும் கரைசல் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதாவது ஒருவருக்கு ஒரு தடவைக்கு 120 லீற்றர். நம் கிணற்று நீரில் கல்சியமும் உவர்ப்பும் எவ்வளவு என்று கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அந்த நீரை அப்படியே பயன்படுத்த முடியாது. எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையில் நீரைச் சுத்திகரிக்கும் தொகுதி வேண்டும், அதற்கென்று குழாய் இணைப்பு வேண்டும், மின்சாரம் நின்றால் இயங்க மின்பிறப்பாக்கி வேண்டும். இவற்றுக்கு மேலாக, ஒவ்வொரு தடவையும் வடிகட்டி, இரத்தக் குழாய்த் தொகுதி, இரண்டு ஊசிகள், கரைசல் என்று செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். பயிற்சி பெற்ற தாதியர் இல்லாவிட்டால் எல்லாம் இருந்தும் கட்டில் வெறுமையாகத்தான் கிடக்கும்.

நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்த இயந்திரம் ஒன்று களஞ்சியத்தில் வெள்ளைத் துணி போர்த்தியபடி நின்றது. கொடுத்தவர்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு அதன் பக்கத்தில் பளபளத்தது. அந்த வகை இயந்திரத்துக்கு நம் நாட்டில் முகவரும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. திறப்பு விழாவில் படம் எடுத்தவர்களில் ஒருவராவது இதை முன்கூட்டி விசாரித்திருக்கலாம்.

ஆதார வைத்தியசாலைகளில் பெரும்பாலானவை மாகாண நிருவாகத்தின் கீழ் இருப்பதால், அத்தியட்சகர் ஊடாகப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் இணக்கத்தைப் பெறுங்கள். தேவையான கருவியின் விவரக்குறிப்பை வைத்தியசாலையே தரட்டும். நீங்களாக விலைப்பட்டியல் தேடிப் போக வேண்டாம். மருத்துவக் கருவிகள் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையில் பதிவாகியிருக்க வேண்டும், உள்ளூர் முகவருடன் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு யார் செலவழிப்பது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயாளர் சிலர் சுத்திகரிப்புக்கு வரவேண்டிய நாளைத் தவறவிட்டு, மூச்சு முட்டி, கால் வீங்கிய நிலையில் அவசர சிகிச்சைக்கு வருவது இயந்திரம் இல்லாததால் மட்டுமல்ல. கையில் போக்குவரத்துக் காசு இல்லாததாலும்தான். விசாரித்துப் பார்க்கும்போது உங்கள் வைத்தியசாலையின் உடனடித் தேவை வேறொன்றாக இருக்கவும் கூடும்.

மறுமொழி 3
பதிந்தவர்: வடமராட்சிப் பழைய மாணவர்

இருவருக்கும் நன்றி. நீர்ச் சுத்திகரிப்புத் தொகுதியைப் பற்றி எங்களில் எவரும் யோசித்திருக்கவில்லை. இந்த வாரமே அத்தியட்சகருக்குக் கடிதம் எழுதுகிறோம். புலம்பெயர்ந்தவர்களின் பங்கு பற்றியும், வீதிப் பாதுகாப்புப் பற்றியும் யாராவது எழுதினால் நல்லது. இயந்திரத்துக்குப் பதிலாக, வடிகட்டி, ஊசி போன்று பயன்படுத்தித் தீரும் நுகர்பொருட் செலவுக்குத்தான் நிதி தேவை என்று வைத்தியசாலை சொன்னால், அதற்கு மக்கள் கொடுப்பார்களா என்பதும் எங்கள் பொருளாளரின் கவலை.

மறுமொழி 4
பதிந்தவர்: லண்டன் கிளை உறுப்பினர்

இங்கே வைத்தியசாலைகளுக்காக ஓடுவதும் நீந்துவதும் கட்டடத்திலிருந்து கயிற்றில் இறங்குவதும் வாரந்தோறும் நடக்கும் காரியங்கள். எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கப்டன் ரொம் மூர். 2020 ஏப்ரலில், நூறாவது பிறந்தநாளுக்கு முன்னர் தன் வீட்டு முற்றத்தை 100 தடவை கடப்பதென்றும் 1,000 பவுண் சேர்ப்பதென்றும் தொடங்கினார். 3 கோடி 20 இலட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணம் தேசிய சுகாதார சேவைக்கான தொண்டு அமைப்புகளுக்கு நேரே போய்ச் சேர்ந்தது. பிறகு அவருடைய பெயரில் குடும்பத்தினர் நடத்திய தனி அறக்கட்டளையின்மீது விசாரணை வந்து, 2024இல் முறைகேடு என்று தொண்டு அமைப்புகளைக் கண்காணிக்கும் ஆணைக்குழு அறிக்கை வெளியிட்டபோதும் முதலில் சேர்ந்த பணத்துக்குக் கேள்வி எழவில்லை. இரண்டும் வெவ்வேறு கணக்குகளாக இருந்ததே காரணம். உங்கள் சங்கத்தின் பொதுக் கணக்கில் இந்த நிதியைக் கலக்காமல், இருவர் கையொப்பமிடும் தனிக் கணக்கொன்றைத் திறந்துவிடுங்கள்.

இங்கே வரி செலுத்துபவர் ஒரு பவுண் கொடுத்தால், ‘கிஃப்ற் எய்ட்’ திட்டத்தின் கீழ் அந்தத் தொண்டு அமைப்பு அரசிடமிருந்து மேலும் 25 பென்ஸ் பெறலாம். ஆனால் அதற்கு முறையாக அங்கீகரிக்கப்பட்ட தொண்டு அமைப்பாக இருக்க வேண்டும். வட்ஸ்அப் குழுவுக்கும் பதிவில்லாத பழைய மாணவர் கிளைக்கும் அது கிடைக்காது. எனவே இங்குள்ள பதிவுபெற்ற அமைப்பொன்றின் ஊடாகச் செய்யுங்கள். பயணச்சீட்டையும் தங்கும் செலவையும் வருபவர்கள் தம் பணத்திலேயே பார்த்துக்கொள்ளட்டும். உறவினரிடம் நன்கொடை கேட்டு, அதில் ஒரு பகுதியை விமானச் சீட்டுக்குச் செலவழித்துவிட்டு அதைச் சொல்லாமல் விடுவது, ஊருக்கு இலவசமாக விடுமுறை போய் வருவதாகத்தான் பார்க்கப்படும். அப்படிப் பார்ப்பதில் பிழையும் இல்லை.

பாதுகாப்பு விடயத்தில் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஸ்கொட்லாந்தின் ரேசைட் பகுதியில் பரசூட் பாய்ச்சலில் காயமடைந்தவர்களின் ஐந்தாண்டு விவரத்தை ஆராய்ந்து 1999இல் வைத்தியர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காயப்பட்டவர்களில் 94 சதவீதமானோர் தொண்டுக்காக முதல் தடவை குதித்தவர்கள். திரட்டப்பட்ட ஒவ்வொரு பவுணுக்கும் அரச வைத்தியசாலைகளுக்கு 13.75 பவுண் செலவாகியிருந்தது. வைத்தியசாலைக்கு உதவப் புறப்பட்டு அதன் கட்டிலை நிரப்பிய கதை அது. வவுனியா வழியாக யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதியில் இரவில் லொறிகளோடு சைக்கிளும் ஓடுவது பரசூட்டைவிடப் பெரிதும் பாதுகாப்பானதல்ல. பொலிஸ் அனுமதி, முன்னும் பின்னும் வாகனம், எல்லோருக்கும் தலைக்கவசம், அம்புலன்ஸ் ஆகியவை உறுதியாகாமல் நாள் குறிக்க வேண்டாம். விடிந்த கையோடு புறப்பட்டு வெயில் ஏறமுன் நிறுத்திவிட வேண்டும். வவுனியாவுக்கு வடக்கே நண்பகல் வெயிலில் லண்டனிலிருந்து வந்தவர்கள் தாக்குப்பிடிக்க மாட்டார்கள். நாற்பதைக் கடந்தவர்கள் வைத்தியரைப் பார்த்துவிட்டே வரட்டும். என்னைக் கேட்டால், கொழும்பை விட்டுவிட்டு வடமாகாணத்துக்குள்ளேயே இரண்டு நாள் ஓட்டமாகச் சுருக்கிக்கொள்வேன்.

மறுமொழி 5
பதிந்தவர்: சிறுநீரகப் பிரிவுத் தாதி

உங்கள் பொருளாளரின் கவலைக்கு ஒரு சொல். நுகர்பொருள் என்று பொதுவாகக் கேட்டால் கொடுக்கத் தயங்குவார்கள். “ஒரு நோயாளிக்கு ஒரு தடவைச் சுத்திகரிப்புக்கான செலவு” என்று நன்கொடை அட்டையில் அச்சிட்டுக் கேளுங்கள். வாரத்துக்கு மூன்று தடவை வேண்டிய நோயாளிக்கு மாதத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று அட்டைகள் தேவைப்படும் என்பதால், ஓரிரு அட்டைகளை எடுப்பவர்களும் மாதம் முழுவதையும் ஏற்பவர்களும் கிடைப்பார்கள். அந்தத் தொகையை ஊகித்து அச்சிடாமல் வைத்தியசாலையிடமே எழுத்தில் பெறுங்கள். வடிகட்டியின் விலை டொலரோடு சேர்ந்து ஏறி இறங்குவது.